பன்னிரண்டு புள்ளி எட்டு

அந்தப் புதிய பேட்டரியை வாசலுக்கு வெளியிலேயே வையுங்கள். ஆமாம், அங்கேதான், செருப்புப் பலகைக்குப் பக்கத்தில். அது இந்த வீட்டிற்குள் வரத் தேவையில்லை. நீங்கள் வரலாம். உங்கள்மேல் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. பெயர் என்ன சொன்னீர்கள்? சவரிமுத்து. நல்லது. திண்டுக்கல்லிலிருந்து கோவில்பட்டி வரைக்கும் பேருந்தில், பத்துக் கிலோ பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். முதலில் தண்ணீர் குடியுங்கள்.

என்ன சொல்லி அனுப்பினாள் என் தங்கை? நானே சொல்கிறேன். "எங்கக்கா வீட்டுல வண்டி பதினோரு மாசமா நிக்குது. பேட்டரி செத்திருக்கும். புதுசா ஒண்ணு மாட்டி ஓட்டிட்டு வாங்க." இப்படித்தானே? ஒரு சொல் மாறியிருக்காது. எனக்குத் தெரியும். அவள் பேச்சை அறுபத்து மூன்று ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன்.

வண்டி அவளுடையது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆவுடையம்மாள் என்று பதிவுச் சான்றிதழில் அச்சடித்திருக்கிறது. அவள் வண்டியை அவள் கேட்கிறாள், நீங்கள் எடுத்துச் செல்லலாம். ஆனால் அந்தப் பேட்டரி செத்துவிட்டது என்ற பொய்யோடு சேர்த்து எடுத்துச் செல்ல நான் விட மாட்டேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் அறிவியல் பாடம் நடத்தியவள் நான். சண்முகவடிவு டீச்சர் வீட்டில் ஒரு பேட்டரி செத்தது என்று நாளைக்கு ஒருவர் சொல்லக் கூடாது.

வாருங்கள், கொட்டகை பின்பக்கம். குனிந்து வாருங்கள், அந்தத் தகரம் தலையில் இடிக்கும்.

பார்த்தீர்களா? அந்தச் சிறிய கறுப்புப் பெட்டி. சுவரில் மாட்டியிருக்கிறதே, அதுதான். அதன் முகத்தில் ஒரு பச்சை விளக்கு எரிகிறதா? நன்றாகப் பாருங்கள். எரிகிறது அல்லவா? அதை மறந்துவிடாதீர்கள். நீங்கள்தான் சாட்சி.

என்ன, டயரா? டயரில் காற்று இறங்கிப் போயிருக்கிறதா? நான்கிலுமா? இருக்கலாம். டயரைப் பற்றி யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. குற்றச்சாட்டு பேட்டரியைப் பற்றியது. நான் பதில் சொல்வதும் பேட்டரிக்குத்தான். கால் பம்பு கொண்டுவந்திருக்கிறீர்களா? நல்லது. நீங்கள் மிதித்துக்கொண்டே இருங்கள், நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நான்கு டயர் நிறைவதற்குள் முடித்துவிடுவேன்.

நாங்கள் இருவர்தான். நான் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆவுடை செய்துகொண்டாள், கணவர் சீக்கிரமே போய்விட்டார், பிள்ளை இல்லை. என்னோடு வந்து சேர்ந்தாள். இருபத்திரண்டு ஆண்டுகள் இதே வீடு, ஒரே சமையல். தபால் நிலையத்தில் வேலை பார்த்து, போஸ்ட் மாஸ்டராக ஓய்வு பெற்றாள். ஓய்வு பெற்ற மறு மாதம் ஒருநாள் காலையில் வந்து, "அக்கா, நான் கார் ஓட்டப் பழகப் போறேன்" என்றாள். அறுபது வயதில்! நான் தடுக்கவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் ஒரு சொல் தடுக்கவில்லை. மாறாக, ஓட்டுநர் பயிற்சிக் கையேடு ஒன்றை வாங்கிவந்து, அவளுக்கு முன்னால் நான் மூன்று முறை படித்து முடித்தேன்.

நான் ஓட்டியதில்லை. ஓட்டத் தெரியாது. அதனால் என்ன? நிலாவுக்குப் போகாமலேயே நிலாவைப் பற்றிப் பாடம் நடத்தவில்லையா?

ஞாயிற்றுக்கிழமை தோறும் இருவரும் வண்டியில் போவோம். எட்டயபுரம் போவோம், கழுகுமலை போவோம், ஒருமுறை சங்கரன்கோவில் வரை போனோம். நான் முன் இருக்கையில், அவளுக்கு இடப்பக்கம். பிழை கண்டால் சொல்வேன். பிழை கண்டால் மட்டுந்தான். "கிளட்ச்சிலிருந்து காலை எடு." "கண்ணாடியைப் பார்." "வேகத்தடைக்கு முன்னாலேயே கியரைக் குறை." இவை வசவா, சொல்லுங்கள்? இவை அறிவுரை. சரியாக ஓட்டிய இடங்களில் நான் வாயே திறக்கவில்லை. அதுவே ஒரு பாராட்டு என்பது அவளுக்குப் புரியவில்லை.

அந்த டயர் போதும் என்று நினைக்கிறேன். உங்களுக்குத் தெரியும், சரி. உங்கள் வேலை.

சென்ற ஆண்டு ஐப்பசியில் ஒரு ஞாயிறு. கழுகுமலைக்குப் போகிறோம். அவளுக்கு நான் பேசப் பேசப் பதற்றம் வருகிறதென்று முந்தின வாரம் குறைப்பட்டிருந்தாள். ஆகையால் அன்று நான் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். எவ்வளவு விட்டுக்கொடுத்தேன் பாருங்கள். பேசவே இல்லை. ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பதினேழு பிழைகள். இடம், நேரம், பிழையின் தன்மை என்று மூன்று கட்டம் போட்டு எழுதினேன். கோயிலில் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, சாலை காலியாக இருந்தது, அதுதான் தக்க நேரம் என்று வாசித்தேன்.

பதினொன்றாவது பிழையில் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். அந்தச் சிவப்பு முக்கோணப் பொத்தானை அழுத்தி, எச்சரிக்கை விளக்குகளைப் போட்டாள். சாவியை உருவி என் மடியில் வைத்தாள். "இந்தாக்கா. நீயே ஓட்டு" என்றாள். இறங்கினாள். எதிரே சங்கரன்கோவில் பேருந்து வந்தது, கையைக் காட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டாள். வீடு இருப்பது கிழக்கே, பேருந்து போனது மேற்கே! எந்தத் திசையில் போகிறோம் என்றுகூடப் பார்க்கவில்லை. மீதி ஆறு பிழைகளை அவள் இன்றுவரை கேட்கவில்லை.

நான் என்ன செய்வது? இருந்தேன். அடுத்த பேருந்தில் திரும்பி வருவாள் என்று இருந்தேன். அடுத்த பேருந்து வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. பருத்திக் காட்டு வெயில், வண்டி தகரமாய்க் கொதிக்கிறது. காலை பத்தரையிலிருந்து பிற்பகல் மூன்றரை வரை இருந்தேன். அந்த விளக்குகள் டிக், டிக், டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தன. அணைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். செண்பகமும் அப்படித்தான் கேட்டாள். சாலையோரத்தில் வண்டி நின்றால் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். கையேட்டில் நாற்பத்தோராம் பக்கம். அதுவும் அல்லாமல், அவள் போட்டுவிட்டுப் போன விளக்கு. அவள் வந்து அணைக்கட்டும் என்று இருந்தேன்.

அவள் வரவில்லை. பேட்டரி இறங்கிவிட்டது. விளக்கின் துடிப்பு வரவர மங்கி, மூன்றரை மணிக்குப் பொட்டென்று நின்றுபோயிற்று.

செண்பகம் யார் என்றா? சொல்கிறேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பேட்டரிக் கடை வைத்திருப்பவள். என் மாணவி. எட்டாம் வகுப்பில் மின்னியல் பாடத்தில் முப்பத்தாறு மதிப்பெண் வாங்கியவள். அவளுக்குத்தான் கைப்பேசியில் சொன்னேன். அவள் கணவர் இன்னொரு பேட்டரியும் கம்பியும் கொண்டுவந்து, இரண்டையும் இணைத்து, வண்டியைக் கிளப்பி வீடு சேர்த்தார். வந்து பார்த்தால், ஆவுடையின் பெட்டியைக் காணோம். வேறு பேருந்து பிடித்து எனக்கு முன்னாலேயே வந்து, துணிமணி எடுத்துக்கொண்டு, திண்டுக்கல்லில் தன்னோடு வேலை பார்த்த பிலோமினா வீட்டுக்குப் போய்விட்டிருக்கிறாள். அடுப்பில் எனக்குச் சோறு வடித்து மூடிவைத்திருந்தாள். கோபமாகப் போகிறவள் சோறு எதற்கு வடிக்க வேண்டும்? அதிலும் ஒழுங்கில்லை.

மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினேன். 'கடக்' என்று ஒரே ஓசை. அவ்வளவுதான். தொலைபேசியில் அவளிடம் சொன்னேன். "உன் விளக்கால் உன் பேட்டரி இறங்கிவிட்டது, அறிவாயாக" என்றேன். அதற்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"உங்கிட்ட மாட்டுனா எதுவும் உயிரோட இருக்காதுக்கா."

சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பம்பை ஏன் நிறுத்திவிட்டீர்கள்? மிதியுங்கள். அவள் பேட்டரியைப் பற்றித்தான் சொன்னாள். வேறு எதைப் பற்றிச் சொல்லியிருக்க முடியும்? பேட்டரியைப் பற்றிய பேச்சில் வந்த சொல் பேட்டரியைத்தானே குறிக்கும்? ஒரு பேட்டரி உயிரோடிருக்குமா இருக்காதா என்பது அறிவியல். அறிவியலில் என்னோடு சவால் விட்டால் நான் விடுவேனா?

செண்பகம் கடைக்குப் போனேன். "டீச்சர், ஒம்பதரை வோல்ட்டுக்கு இறங்கிருச்சு. இப்படியே போட்டு வச்சா உள்ள தகட்டுல உப்புப் பூத்து இறுகிரும். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் ஏறாது" என்றாள். அது ஈய சல்பேட்டு. நான் சொல்லிக்கொடுத்தது, அவள் உப்பு என்கிறாள், சரி, பொருள் சரியாக இருந்தது. இந்தக் கறுப்புப் பெட்டியைக் கொடுத்தாள். தானியங்கி சார்ஜர். "மாட்டிட்டு மறந்துருங்க டீச்சர்" என்றாள்.

மறப்பதா? ஒரு கருவியை மாட்டிவிட்டு மறப்பது எப்படி?

முறைப்படி மாட்டினேன். முதலில் சிவப்புக் கிளிப், பேட்டரியின் நேர்முனையில். பிறகு கறுப்புக் கிளிப், பேட்டரியை விட்டுத் தள்ளி, வண்டியின் வெற்று இரும்பில். ஏன் தள்ளி? சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும். பேட்டரியின் தலையிலேயே தீப்பொறி தெறிக்கக் கூடாது. அதனால்தான் அந்தச் சன்னல் கதவையும் கழற்றி வைத்திருக்கிறேன். கடைசியாகத்தான் சுவரில் சுவிட்சு. இந்த வரிசை மாறக் கூடாது. கழற்றும்போது தலைகீழ்: சுவிட்சு, கறுப்பு, சிவப்பு.

அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்பதுதான் அழகு. கேளுங்கள், உங்கள் தொழிலுக்கும் பயன்படும். மாட்டியவுடன் அது மின்சாரத்தைக் கொட்டாது. முதலில் பார்க்கும். எதிரே இருப்பது எந்த நிலையில் இருக்கிறது, முனைகள் சரியா, எவ்வளவு இறங்கியிருக்கிறது, தாங்குமா தாங்காதா. மிகவும் இறங்கியிருந்தால் மெல்ல மெல்லத் தட்டி எழுப்பும். பிறகுதான் முதல் கட்டம்: தன்னால் முடிந்த மட்டும் ஓட்டத்தைக் கொடுக்கும். காலிக் குடம் அல்லவா, எவ்வளவு ஊற்றினாலும் வாங்கிக்கொள்ளும். மின்னழுத்தம் பதினான்கு புள்ளி நான்கு வந்ததும் இரண்டாம் கட்டம். அழுத்தத்தை அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டு, பேட்டரி எவ்வளவு வாங்குகிறதோ அவ்வளவு மட்டும் கொடுக்கும். நிறைய நிறைய, கொடுப்பதும் தானாகக் குறையும். பழைய சார்ஜராக இருந்தால் நிறைந்த பிறகும் ஊற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் நீர் கொதித்து வற்றி, தகடு வெந்து, நல்ல பேட்டரியும் அதனாலேயே சாகும். இது அப்படியில்லை. மூன்றாம் கட்டத்துக்குப் போய்விடும். பச்சை விளக்கு. அதன் பிறகு அது ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை. பக்கத்தில் இருக்கும், அவ்வளவுதான். கொஞ்சம் இறங்கினால் கொஞ்சம் கொடுக்கும். இல்லாவிட்டால் சும்மா இருக்கும். எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்த கருவி! எவ்வளவு பெரிய அறிவு அது! மனிதர்களிடம் அதை நான் கண்டதில்லை.

சிரிக்கிறீர்களா? இல்லையா? சரி. மூன்றாவது டயருக்குப் போங்கள்.

ஆனால் எனக்கு வாய்த்த பெட்டியில் பச்சை விளக்கு எரியவே இல்லை. ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள், நான்கு நாள். மஞ்சளிலேயே நிற்கிறது. நான் அதற்குக் காவல் இருந்தேன் ஐயா! வேளாவேளைக்குச் சாப்பிடவில்லை. அரை மணிக்கு ஒருமுறை சுவிட்சை அணைப்பேன், கிளிப்புகளைக் கழற்றுவேன், மீட்டரை வைத்து அளப்பேன், குறிப்பேட்டில் எழுதுவேன், மறுபடியும் மாட்டுவேன். தேதி, நேரம், மின்னழுத்தம், குறிப்பு என்று நான்கு கட்டம். ஆய்வுக்கூடப் பதிவேடு போல. அந்தக் கருவி பழுது என்ற முடிவுக்கு வந்தேன். தயாரித்தவர்களுக்கு இரண்டு பக்கம் முறையீடு எழுதி, அதையும் பெட்டியையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு செண்பகம் கடைக்குப் போனேன்.

குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினாள். புரட்டப் புரட்ட அவள் முகம் ஒரு மாதிரி ஆகிறது.

"டீச்சர், ஒரு நாளைக்கு எத்தன தடவ கழட்டுனீங்க?"

"இருபத்தாறு முறை. பதிவு இருக்கிறது."

கடையில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் சிரித்தாள். முப்பத்தாறு மதிப்பெண்காரி! "டீச்சர், நீங்க கழட்டி மாட்டுற ஒவ்வொரு தடவயும் அது திரும்ப ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து படிக்குது. நாலு நாளா பரீட்ச வச்சே கொன்னுருக்கீங்க. பாடம் படிக்க விட்டாத்தான பாசாகும்?"

  தருக்கம் சரியாக இருந்தது. ஒரு மாணவி சரியான விடை சொன்னால், அவள் யாராக இருந்தாலும், ஒப்புக்கொள்வது என் வழக்கம். "சரி" என்றேன். "அப்படியானால் என்ன செய்ய வேண்டும்?"

"ஒண்ணும் செய்யாம இருக்கணும் டீச்சர். அதான் செய்யணும்."

அவளே வந்து பெட்டியை மறுபடி மாட்டினாள். கொட்டகைச் சாவியை அவளிடமே கொடுத்துவிட்டேன். என்னிடம் இருந்தால் திறந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். என்னை எனக்குத் தெரியும், அதில் எனக்கு எந்த மயக்கமும் இல்லை. மூன்று நாள். அந்த மூன்று நாளும் இந்த வீட்டில் எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. திருத்துவதற்கு ஒருவரும் இல்லை. வானொலிச் செய்தியில் ஒருவர் ஓர் ஊரின் பெயரைத் தவறாகச் சொன்னார், அதைத் திருத்தினேன். கூடத்தில் அவள் நாற்காலி இருக்கிறதே, சன்னலோரம், அது எப்போதும் கொஞ்சம் கோணலாக நிற்கும். அதை நேராக்கினேன். பிறகு, ஏனோ, மறுபடியும் கோணலாகவே திருப்பி வைத்தேன். வெளிச்சம் அப்படித்தான் நன்றாக விழுகிறது.

நான்காம் நாள் செண்பகம் வந்து திறந்தாள். பச்சை.

அன்று முதல் நான் அதைத் தொட்டதில்லை. காலையில் ஒருமுறை வந்து விளக்கைப் பார்ப்பேன், போய்விடுவேன். மின்சாரம் போகும், வரும். அது தானே தன் வேலையைத் தொடரும். மாதத்துக்கு ஒருநாள் அளந்துகொள்ளச் செண்பகம் அனுமதித்திருக்கிறாள். மாதக் கடைசி மாலையில் அணைத்துவிட்டு, முதல் தேதி காலையில் அளப்பேன். பன்னிரண்டு புள்ளி எட்டு. ஒவ்வொரு மாதமும் பன்னிரண்டு புள்ளி எட்டு. உடனே ஒரு தபால் அட்டை எடுத்து எழுதுவேன்: "ஆவுடைக்கு. பேட்டரி 12.8. சண்முகவடிவு." நானே போய்ப் பெட்டியில் போடுவேன். பத்து அட்டைகள். தபால் இலாகாவில் முப்பத்தேழு ஆண்டுகள் வேலை பார்த்தவள், ஓர் அட்டைக்குக்கூடப் பதில் எழுதவில்லை. பதினோராம் மாதம் எழுதுகிறாள்: "வண்டியை எடுக்க ஆள் வரும். ஆவுடை." வந்தவர் மடியில் புதிய பேட்டரி! பத்து அட்டைகளையும் அவள் நம்பவில்லை என்றுதானே பொருள்? என் எழுத்தை! என் அளவீட்டை! இந்த அவமதிப்பைத்தான் நான் பொறுக்க மாட்டேன் என்கிறேன்.

நான்காவதும் முடிந்ததா? நல்லது. இப்போது கழற்றுங்கள். சுவிட்சு முதலில். கறுப்பு. சிவப்பு. சரி. கைக்குட்டையில் துடைத்துக்கொள்ளுங்கள். சாவி இதோ. நியூட்ரலில் இருக்கிறதா என்று பாருங்கள். திருப்புங்கள்.

கேட்டீர்களா?

கேட்டீர்களா சவரிமுத்து? ஒரே திருப்பு! ஓர் இருமல் இல்லை, ஒரு முக்கல் இல்லை! பதினோரு மாதம்! எடுங்கள் உங்கள் கைப்பேசியை. அவளுக்குப் போடுங்கள். இல்லை, நான் பேச மாட்டேன். நீங்கள் சொல்லுங்கள். கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள். ஒலிபெருக்கியில் போடுங்கள், எனக்கும் கேட்க வேண்டும்.

"ஒரே தடவையிலயா?" என்கிறாள். ஒரே தடவையில்தான் என்று சொல்லுங்கள். பழைய பேட்டரியில்தான் என்று சொல்லுங்கள். புதியது வாசலைத் தாண்டவில்லை என்று சொல்லுங்கள். ஏன் விழிக்கிறீர்கள்? நான் இங்கே பேசுவது அவளுக்குக் கேட்கிறதாமா? கேட்கட்டும். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுக் கொடுங்கள் இங்கே.

ஆவுடை, நான்தான். என் பத்து அட்டையையும் நம்பாமல் நீ ஒரு புதிய பேட்டரியை...

என்ன? இன்னொரு முறை சொல். கேட்டீர்களா சவரிமுத்து? மாணவி சொல்லும் விடையை வகுப்புக்கே உரக்கத் திருப்பிச் சொல்வது என் பழக்கம், தவறாக நினைக்காதீர்கள். "நம்பலன்னு யாருக்கா சொன்னா? புதுசப் பாத்தா கோவத்துலயாவது நீ எனக்குப் போன் போடுவேன்னுதான் குடுத்துவிட்டேன்" என்கிறாள். இது என்ன முறை? ஓர் ஆளைப் பேச வைக்க ஒரு பேட்டரியா?

நான் போடவில்லை. சவரிமுத்துதான் போட்டார். பதிவில் அது தெளிவாக இருக்கட்டும்.

என்ன? ஆமாம், பத்து அட்டை. பன்னிரண்டு புள்ளி எட்டு. ஆமாம், வேறொன்றும் எழுதவில்லை. என்ன எழுத வேண்டும்?

...

ஒன்றுமில்லை சவரிமுத்து. இதை வகுப்புக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, சொல்கிறேன். மறைப்பதற்கு இதில் என்ன இருக்கிறது? "பேட்டரி நல்லா இருக்குன்னு பத்து தடவ எழுதுன. நீ நல்லா இருக்கேன்னு ஒரு தடவ எழுதுனியா? நான் நல்லா இருக்கனான்னு ஒரு தடவ கேட்டியா?" என்கிறாள். அளந்ததைத்தானே எழுத முடியும், ஆவுடை? அளக்காததை எப்படி எழுதுவது?

அழுகிறாயா, சிரிக்கிறாயா? இரண்டும் ஒரே ஓசையாக இருக்கிறது. மூக்கைச் சிந்திவிட்டுப் பேசு.

நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும். அது பழைய வலிதான். சாப்பிடுகிறேன். ஆமாம், இரவிலும். நாற்காலியா? அப்படியேதான் இருக்கிறது, கோணலாக. உனக்கு... நீ... அந்த இரத்த அழுத்த மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா?

சரி. என்ன? "வண்டியில நாலு பேரு உக்காரலாம்" என்கிறாள். அது எனக்கும் தெரியும். பதிவுச் சான்றிதழில் ஓட்டுநர் உட்பட ஐவர் என்று இருக்கிறது. வைத்துவிட்டாள்.

இந்தாருங்கள் உங்கள் கைப்பேசி. எஞ்சினை அணைக்க வேண்டாம், கொஞ்சம் ஓடட்டும்.

அவள் என்னை அழைக்கவில்லை. நான் திருப்பிச் சொன்னதை நீங்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள். 'வா' என்ற சொல் அவள் வாயிலிருந்து வரவில்லை. நானும் 'வருகிறேன்' என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு கருவியைச் செயல்முறை விளக்கம் இல்லாமல் இன்னொருவர் கையில் ஒப்படைப்பது தவறு. அவள் முதலில் கறுப்பு மாட்டுவாள், பிறகு சிவப்பு மாட்டுவாள், பிலோமினா வீட்டுச் சன்னலை மூடி வைப்பாள். நேரில் போய்க் காட்டினாலொழிய சரிவராது. இரண்டு நாள் ஆகும். மூன்று நாள். அவள் கற்றுக்கொள்ளும் வேகத்தைப் பொறுத்தது. ஐந்து நிமிடம் இருங்கள், இரண்டு புடவை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். எரிவாயு மூடியாயிற்று, பின் கதவு பூட்டியாயிற்று. வீட்டுச் சாவியை எதிர் வீட்டில் கொடுத்துவிட்டேன். அந்தப் புதிய பேட்டரியையும் டிக்கியில் ஏற்றிக்கொள்ளுங்கள், பாவம், அது என்ன செய்தது? சார்ஜர் என் மடியில் இருக்கட்டும். பையில் இடம் போதவில்லை, அந்தச் சிறு குறிப்பேட்டை வீட்டிலேயே வைத்துவிட்டேன். மீதி ஆறு பிழைகள் இருந்தனவே, அந்தக் குறிப்பேடு.

இல்லை, முன்னால் வேண்டாம். பின் இருக்கையில் உட்காருகிறேன். கதவைத் திறந்துவிடுங்கள். அங்கிருந்து வேகம் காட்டும் முள் எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைப் பற்றி நான் கருத்துச் சொல்வதில்லை. திரும்பி வரும்போது அவள் ஓட்டினாலும் எனக்கு இந்த இருக்கை போதும். வருவாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டதாக அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

புறப்படுங்கள். வாசலில் ஒரு பள்ளம் உண்டு, பார்த்து. மூன்று மணி நேரப் பயணம், நான் ஒரு சொல் பேச மாட்டேன்.

சவரிமுத்து, அந்த வலப்பக்கக் கண்ணாடி கொஞ்சம்...

இல்லை. ஒன்றுமில்லை. நீங்கள் ஓட்டுங்கள்.